இருபத்திரண்டு

இருபத்திரண்டைக் காணவில்லை.
நான்காம் பாத்தியில் காம்பு மட்டும் இருந்தது,
கத்தி போட்ட சுத்தமான வெட்டு.
மான் கத்தி வைத்திருக்காது என்றாள் யுட்டா.

நான் பிறப்பதற்கு முன்பே
பூச்சிமருந்து ஆலையை மூடிவிட்டார்கள்.
கட்டடம் போனது, புகைபோக்கி போனது,
கணக்குப் புத்தகங்கள் போன இடம் தெரியாது.
டிடிடி மட்டும் மண்ணில்
ஓய்வூதியக்காரரைப் போல
அவசரமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.
மழைக்குக் கரையாது.
கோதுமை வேர்
கண்டும் காணாமல் போய்விடும்.
பூசணிதான்
என்னவோ பேசி அதை எழுப்பி
தண்டு வழியே மேலே கூட்டி வருகிறது.

அதனால் ஓல்டர்ஸ்பாக்கின் ஓரத்தில்
ரயில் பாதைக்கும் ரைனுக்கும் நடுவே
கம்பி வேலிக்குள் பூசணி வளர்க்கிறேன்.
களை எடுக்கிறேன்.
ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தடவுகிறேன்,
கையுறையோடு.
பிஞ்சிலேயே ஊசியால் எண் கீறிவிடுகிறேன்,
காயோடு அதுவும் பெருக்கும்.
விளைச்சல் எப்படி என்று அம்மா போனில் கேட்பாள்.
அமோகம் அம்மா,
அடுத்த வாரம் எல்லாவற்றையும் எரித்துவிடுவோம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாற்போல,
இந்தச் சொலவடையை
ஒரு மதிய உணவின்போது யுட்டாவுக்குப் பெயர்த்துச் சொன்னேன்.
ஐம்பது வருடம் ஆலை மறைத்ததைத்தான் சொல்ல வந்தேன்.
அவள் கேட்டாள்:
எவ்வளவு சோறு?

அன்று அக்டோபர் முப்பத்தொன்று.
படிக்குப் படி பூசணி முகங்கள்,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு மெழுகுவர்த்தி.
வெள்ளைப் பாதுகாப்பு உடுப்போடு
வீடு வீடாக மணி அடித்தோம்.
வேடம் அருமை என்று
மிட்டாய்த் தட்டை நீட்டினார்கள்.
ஏழாவது வீட்டிலிருந்து யுட்டா
மறுப்பதை விட்டுவிட்டாள்.

செருப்புத் தைப்பவர் சந்து, பதினெட்டு.
சிரிக்கிற வாய்க்குப் பக்கத்தில்
கன்னத் தழும்பாக என் கையெழுத்து: 22.

பையன் ஹென்னெஸ், பதினோரு வயது.
அங்கே நிறைய இருந்ததே என்றான்.
அப்பன் ஃபோல்க்மார் கரண்டியோடு வந்தார்,
பின்னாலேயே சூப் வாசனையும் வந்தது.
யுட்டாவின் முகம் நான் பார்த்திராத முகம்.
லீக், உருளைக்கிழங்கு, என்றார் அவர்,
சத்தியமாக வேறொன்றும் இல்லை.
பூசணியின் குடல்?
தோட்டத்து உரக்குழியில்.

தோண்டினோம்.
விதைகள் விரலுக்குள் வழுக்கின.
முட்டை ஓடு, காப்பித்தூள், நேற்றைய இலைகள்,
எது தொட்டது எது தொடாதது
யார் பிரிப்பது?
எல்லாவற்றையும் அள்ளினோம், எண்பது லிட்டர்.
டார்ச் பிடித்திருந்த ஹென்னெஸ் கேட்டான்:
ஒரு காயில் எவ்வளவு விஷம்?
ஒரு உப்புக்கல் அளவுகூட இராது.
வயலில்?
சில மூட்டை.
அவன் உதடு அசைய வகுத்துப் பார்த்தான்.
நானும் வகுத்திருக்கிறேன்,
முதல் மாதச் சம்பளம் வாங்கிய இரவில்.
பிறகு வகுப்பதில்லை.

எங்கள் ஊரில் கண்ணேறு சுற்றிய பூசணியை
முச்சந்தியில் போட்டு உடைப்போம்.
வீட்டைப் பிடித்தது காயில் ஏறிவிட்டது,
இனி அது தெருவின் பாடு.
காலையில் அதில் யாரோ
பைக்கோடு சறுக்கி விழுவார்.
அவர் பெயரை நாங்கள் கேட்டதில்லை.

இங்கே நீலப் பீப்பாய்.
வரிசை எண், எடை, கையொப்பம்,
ஆயிரத்து நூறு டிகிரி உலைக்கு அனுப்பும் சீட்டு.
இருபத்திரண்டைக் கடைசியாக இறக்கினேன்,
மூன்று பல், ஒரு கோணல் கண்,
தொட்டால் உள்ளே இன்னும் சூடு.

மெழுகுவர்த்தியையாவது தருவீர்களா என்றான் ஹென்னெஸ்.
முடியாது என்றாள் யுட்டா.
அதை ஊதி அணைத்து
தனியாக எடை போட்டாள்:
முப்பத்தொன்று கிராம்.
பிறகு பையிலிருந்த மிட்டாயெல்லாம்
அவன் கையில் கொட்டினாள்.